சம்பளத்தைத் தாண்டியும் சங்கம் பேசலாம்: புதிய உறுப்பினர்களுக்கு ஒரு வழிகாட்டி

சங்கத்தில் புதிதாகச் சேர்ந்தவர்கள் பலரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "போனஸ், சம்பள உயர்வு, சஸ்பெண்ட் ஆனவரைத் திரும்ப எடுக்க வைப்பது, இதற்குத்தானே சங்கம்? சட்டசபையில் வரும் மசோதா, ஏரியில் கலக்கும் கழிவு, வெயில், விலைவாசி, இதெல்லாம் நம் வேலையா?"

நம் வேலைதான். 2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டமன்றத்தில் தொழிற்சாலைகள் திருத்த மசோதா நிறைவேறியது. ஒரு நாளைக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்க வழிவிடும் மசோதா அது. அப்போது ஆளுங்கட்சியாக இருந்த திமுகவின் சங்கமான தொமுச உட்படத் தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. வேலைநிறுத்த அறிவிப்பும் வந்தது. 24ஆம் தேதி அமைச்சர்கள் சங்கங்களை அழைத்துப் பேசினார்கள். அன்றைக்கே மசோதா நிறுத்தி வைக்கப்பட்டது. மே தினத்தன்று முதலமைச்சர் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். பத்தே நாளில் முடிந்த விஷயம் இது. எட்டு மணி நேர வேலையை ஒரு தனி ஆலையின் பேச்சுவார்த்தை மேசையில் உட்கார்ந்து காப்பாற்றியிருக்க முடியாது.

ஒரு பிரச்சினையைக் கிளைக் கூட்டத்திலிருந்து கிராம சபை, கலெக்டர் அலுவலகம், சட்டமன்றம் வரை எப்படிக் கொண்டுபோவது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். எல்லாவற்றுக்கும் அடித்தளம் ஒன்றே: வேலை நடக்கும் இடத்தில் என்ன நடக்கிறது என்பது வேலை செய்பவருக்குத்தான் முழுசாகத் தெரியும். அந்தத் தகவல் வெளியே போக வேண்டும். போபால் ஆலையில் 1981 டிசம்பரிலேயே பாஸ்ஜீன் வாயு தாக்கி ஒரு தொழிலாளி இறந்தார். ஆலையின் ஆபத்தைப் பற்றித் தொழிலாளர்கள் எச்சரித்தார்கள். மூன்று ஆண்டு கழித்து, 1984 டிசம்பர் 2 இரவில், சுற்றியிருந்த ஊரே பலியானது. ஆலைக்குள் இருந்த எச்சரிக்கை சுவரைத் தாண்டி ஊரின் கோரிக்கையாகவும் அரசின் உத்தரவாகவும் மாறவில்லை. அதை மாற்றுவதற்கான படிகளைப் பார்ப்போம்.

1. கைக்கு எட்டும் பிரச்சினையை எடுங்கள்

"பருவநிலை மாற்றத்தைத் தடுத்து நிறுத்து" என்று கிளையில் தீர்மானம் போட்டால் எல்லோரும் கை தூக்குவார்கள், மறுநாள் மறந்துவிடுவார்கள். "தகரக் கூரை போட்ட பேக்கிங் பிரிவில் ஏப்ரல், மே மாதங்களில் மதியம் 12 முதல் 3 வரை கூடுதல் இடைவேளை வேண்டும்" என்று எழுதினால், அந்தப் பிரிவில் நிற்கிற ஒவ்வொருவரும் அதற்குச் சாட்சி.

கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் கடைகளில் வேலை பார்த்த பெண்கள் முதலில் கேட்டது கழிப்பறை. நாள் முழுவதும் தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டு நிற்கிறோம் என்பதுதான் அவர்களுடைய ஆரம்பக் குறை. அங்கிருந்துதான் உட்காரும் உரிமைக் கோரிக்கை வளர்ந்தது. 2018இல் கேரளம் கடைகள் சட்டத்தைத் திருத்தியது. 2021இல் தமிழ்நாடும் திருத்தியது. ஜவுளிக்கடையில் நிற்கும் பெண்ணுக்கு இருக்கை தரவேண்டியது இன்றைக்குச் சட்டப்படி முதலாளியின் கடமை. தொடக்கத்தில் அந்தப் பெண்கள் யாரும் சட்டத் திருத்தம் கேட்டுப் போகவில்லை. தங்கள் உடம்பு படுகிற பாட்டைச் சொன்னார்கள், விடாமல் சொன்னார்கள்.

ஒரு நேரத்தில் ஒரு பிரச்சினை போதும்.

2. நோட்டுப் போடுங்கள்

இது சின்ன வேலையாகத் தெரியும். என் கணக்கில் இதுதான் பாதி வெற்றி. நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, ஷிப்டுக்கு ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். எழுதுவது இப்படி இருந்தால் போதும்:

"மே 9, இரண்டாம் ஷிப்ட், மதியம் 3.10. பேக்கிங் பிரிவு. இரண்டு எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடவில்லை. தண்ணீர் கேன் காலி. ஒரு அக்காவுக்கு மயக்கம். முதலுதவி அறையில் 20 நிமிடம் படுக்க வைத்தார்கள். பதிவேட்டில் எழுதவில்லை. பார்த்தவர்கள் மூன்று பேர்."

தேதி, நேரம், இடம், என்ன நடந்தது, யார் பார்த்தது, அவ்வளவுதான். "கொடுமை", "அராஜகம்" என்ற சொற்கள் நோட்டில் வேண்டாம். அவை வாயிற்கூட்டத்துக்கு உரியவை. ஒரு மாதம் இப்படி எழுதினால், "எப்போதோ ஒருநாள் நடந்தது" என்று நிர்வாகம் சொல்ல முடியாது.

மூன்று எச்சரிக்கைகள். செல்போன் தடை உள்ள இடத்தில் படம் எடுக்காதீர்கள். பிரச்சினையை விட்டுவிட்டு உங்கள் மீது நடவடிக்கை எடுக்க அதுவே சாக்காகிவிடும். நிர்வாகத்தின் காகிதத்தை எடுத்து வராதீர்கள். பாதிக்கப்பட்டவரின் பெயரை அவர் சம்மதம் இல்லாமல் வெளியே சொல்லாதீர்கள், குறிப்பாகப் பெண்களின் உடல்நலம் பற்றிய விவரங்களை.

மருத்துவப் பரிசோதனை நடந்தால் முடிவின் நகலை எழுத்து மூலம் கேளுங்கள். கொடைக்கானல் வெப்பமானி ஆலையை நினைத்துப் பாருங்கள். 2001இல் பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில் கிடப்பது அம்பலமாகி ஆலை மூடப்பட்டது. அதற்கு அப்புறம் முன்னாள் தொழிலாளர்கள் பல ஆண்டுகள் போராடினார்கள். தங்கள் நோய்க்கும் பாதரசத்துக்கும் உள்ள தொடர்பை நிறுவுவதுதான் அவர்களுக்கு இருந்த பெரிய பாடு. நிறுவனம் அந்தத் தொடர்பை ஏற்கவில்லை. 591 தொழிலாளர்களுக்கான உடன்பாடு 2016இல்தான் வந்தது. ஆலை மூடி 15 வருஷம். வேலையில் இருக்கும்போதே ரத்தம், சிறுநீர்ப் பரிசோதனை நகல்களை வாங்கி வீட்டில் ஒரு கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்வது இதனால்தான்.

ஆபத்தான ரசாயனங்களைப் பற்றித் தொழிலாளிக்கு நிர்வாகம் தகவல் தர வேண்டும், உடனடி ஆபத்து என்றால் தொழிலாளி எச்சரிக்கலாம் என்ற பிரிவுகள் போபாலுக்குப் பிறகு, 1987இல், தொழிற்சாலைகள் சட்டத்தில் சேர்க்கப்பட்டவை. 2025 நவம்பர் 21 முதல், பழைய தொழிலாளர் சட்டங்களுக்குப் பதிலாக நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை மத்திய அரசு நடைமுறைப்படுத்தியிருக்கிறது. அதனால் பழைய நோட்டீசில் உள்ள பிரிவு எண்ணை அப்படியே காப்பி அடிக்காமல், சங்க வழக்கறிஞரிடம் காட்டிவிட்டு எழுதுங்கள்.

அரசு அலுவலகத்தில் இருக்கும் காகிதத்துக்குத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில். ஆலைக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தந்த இசைவாணையின் (இயங்குவதற்கான அனுமதியின்) நகல், கடைசி ஆய்வறிக்கையின் நகல், இந்த இரண்டையும் முதலில் கேளுங்கள். மனுவைச் சங்கத்தின் லெட்டர் பேடில் போடாமல் ஓர் ஆளின் பெயரில் போடுங்கள். அந்தச் சட்டம் உரிமை கொடுப்பது குடிமக்களுக்கு. "சங்கத்துக்குத் தர முடியாது" என்று திருப்பி அனுப்ப இடம் கொடுக்க வேண்டாம்.

3. கிளையில் தீர்மானம்: வேலை போய்விடும் என்ற பயத்தைப் பேசுங்கள்

சுற்றுச்சூழல் விஷயத்தைக் கிளையில் எடுத்தவுடன் ஒருவர் எழுந்து கேட்பார்: "தோழர், கம்பெனியை மூடிட்டா நம்ம பிள்ளைகளுக்கு யார் சோறு போடுவாங்க?" அவரை நிர்வாகத்தின் ஆள் என்று நினைக்காதீர்கள். அவர் கேட்பது நியாயமான கேள்வி, அதற்குப் பதில் சொல்லாமல் தீர்மானம் போடக்கூடாது.

திருப்பூரில் நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். நொய்யலில் சாயக் கழிவு கலந்து, கீழே ஒரத்துப்பாளையம் அணை வரை விவசாயம் பாழானது. விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். கடைசியில் 2011 ஜனவரி 28 அன்று சாய ஆலைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. விவசாயிகளின் பக்கம் முழு நியாயம் இருந்தது. ஆனால் மூடிய மறுநாளே கூலி நின்றது சாயப்பட்டறைத் தொழிலாளிக்கு. பலர் ஊர் திரும்பினார்கள். கழிவை ஆற்றில் விடலாம் என்று முடிவெடுத்தவர்கள் அவர்கள் இல்லை.

ஆகவே இரண்டு கோரிக்கையையும் ஒரே வாக்கியத்தில் வையுங்கள். தீர்மானத்தின் வாசகம் இப்படி இருக்கலாம்:

"ஆலையின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் முழுநேரமும் இயங்க வேண்டும் என்றும், அதைச் சீரமைக்க உற்பத்தியை நிறுத்த நேர்ந்தால் அந்த நாட்களுக்கு நிரந்தர, ஒப்பந்த, பயிற்சித் தொழிலாளர் அனைவருக்கும் முழுச் சம்பளம் தர வேண்டும் என்றும் இக்கிளை கோருகிறது."

"நியாயமான மாற்றம்" என்று உலகத் தொழிற்சங்கங்கள் சொல்வது இதைத்தான். தொழில் மாறும்போது அதன் சுமையைத் தொழிலாளி தலையில் கட்டாதே என்பது அதன் பொருள். 2015 பாரிஸ் பருவநிலை ஒப்பந்தத்தின் முகப்புரையில் அந்தக் கருத்து இடம்பெற்றிருக்கிறது என்றால், சங்கங்கள் விடாமல் வற்புறுத்தியதற்கு அதில் பெரிய பங்கு உண்டு. அதே ஆண்டு சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் இதற்கென்று வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது.

கூட்டத்தை நடத்தும்போது ஒன்று கவனியுங்கள். மிக ஆபத்தான வேலையில் நிற்பவர்கள் பெரும்பாலும் ஒப்பந்தத் தொழிலாளர்களும் வெளிமாநிலத்தவரும்தான். அவர்கள் சந்தா கட்டும் உறுப்பினராக இல்லாவிட்டாலும் கூப்பிடுங்கள். நோட்டீசை இந்தியிலும் ஒடியாவிலும் அச்சிடுங்கள். அவர்களில் ஒருவரே அதை வாசித்துப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு அச்சுக்குக் கொடுங்கள். பெண்கள் ஷிப்ட் முடிந்து ஓடும் நேரத்தில் கூட்டம் போட்டுவிட்டு, "பெண்கள் வருவதில்லை" என்று சொல்லாதீர்கள்.

தீர்மானம் நிறைவேறியதும் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றி, தலைவர், செயலாளர் கையெழுத்து, தேதி, வந்தவர்கள் எண்ணிக்கை எல்லாவற்றையும் எழுதுங்கள். பின்னால் நீங்கள் கொடுக்கும் ஒவ்வொரு மனுவும் இந்தப் பக்கத்தைத்தான் ஆதாரமாகக் காட்டும்.

4. ஊரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்

இதில் உலகமே பாடம் படித்த சங்கம் ஒன்று உண்டு. ஆஸ்திரேலியாவின் சிட்னியில், 1971இல், ஹண்டர்ஸ் ஹில் என்ற பகுதியில் கெல்லிஸ் புஷ் என்ற சிறு காட்டு நிலத்தில் வீடு கட்ட ஒரு நிறுவனம் கிளம்பியது. பதின்மூன்று பெண்கள் அதைக் காப்பாற்ற அரசியல்வாதி, அதிகாரி என்று எல்லாக் கதவையும் தட்டிப் பார்த்தார்கள். எதுவும் நடக்கவில்லை. கடைசியில் கட்டுமானத் தொழிலாளர் சங்கத்திடம் போனார்கள். வசதியான பகுதிப் பெண்கள், கூலித் தொழிலாளர் சங்கம். இருவருக்கும் அதுவரை எந்தச் சம்பந்தமும் இல்லை.

ஜாக் மண்டே செயலாளராக இருந்த அந்தச் சங்கம் உடனே சரி என்று சொல்லவில்லை. முதலில் உங்கள் ஊரில் ஒரு பொதுக்கூட்டம் போடுங்கள், மக்கள் இதை விரும்புகிறார்கள் என்று எங்களுக்குத் தெரிய வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. கூட்டத்துக்கு 600 பேர் வந்தார்கள். அவர்கள் முறைப்படி கேட்ட பிறகுதான் சங்கம் அந்த நிலத்தில் வேலை செய்யத் தடை போட்டது. சங்கத்தில் இல்லாத ஆட்களை வைத்துக் கட்டுவோம் என்று நிறுவனம் சொன்னது. அதே நிறுவனத்தின் வேறொரு கட்டடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த தொழிலாளர்கள் கூடி, கெல்லிஸ் புஷ்ஷில் ஒரு மரத்தைத் தொட்டாலும் இந்தக் கட்டடம் பாதியிலேயே நிற்கும் என்று அறிவித்துவிட்டார்கள். அந்த நிலம் இன்றைக்கும் காடாக இருக்கிறது. அடுத்த சில ஆண்டுகளில் இதுபோல நாற்பதுக்கும் மேற்பட்ட பசுமைத் தடைகள். ராக்ஸ் என்ற பழைய குடியிருப்புப் பகுதி இடிபடாமல் நிற்பதற்கும் இந்தச் சங்கம்தான் காரணம்.

நம் சட்டப்படி ஒரு சங்கம் அப்படியே அதைச் செய்ய முடியாது. எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த நிபந்தனையை. ஊர் கேட்காமல் ஊருக்காகச் சங்கம் முடிவெடுக்கவில்லை. உங்கள் ஆலைக் கழிவு ஒரு ஏரியில் கலக்கிறது என்றால், அந்த ஏரிப் பாசன விவசாயிகளையும் மீன் பிடிப்பவர்களையும் மகளிர் குழுவையும் முதலில் போய்ப் பாருங்கள். அவர்கள் பேசட்டும், நீங்கள் கேளுங்கள். உங்கள் ஆலை மீது அவர்களுக்குக் கோபம் இருக்கும். அது உங்கள் மீதும் கொஞ்சம் விழும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்திலேயே இன்னொரு உதாரணம். மழைக்காலத்தில் இழுவலை போட்டால் மீன் வளம் அழியும் என்று கேரளத்தின் பாரம்பரிய மீனவர் சங்கங்கள் ஆண்டுக்கணக்கில் போராடி, 1988இல் மழைக்கால இழுவலைத் தடையை வாங்கின. அடுத்த வருஷம் மே 1 அன்று, தேசிய மீனவர் பேரவை நடத்திய கடலோரப் பயணம் கன்னியாகுமரியில் வந்து முடிந்தது. நீரைக் காப்போம், உயிரைக் காப்போம் என்பதுதான் அவர்கள் முழக்கம். அந்தக் கூட்டத்தின்மீது துப்பாக்கிச் சூடும் நடந்தது. மீன் விலையை மட்டும் பேசியிருந்தால் கடலோரம் முழுக்க அவ்வளவு பேர் சேர்ந்திருக்க மாட்டார்கள்.

5. எந்தக் கதவை எப்போது தட்டுவது

மனு கொடுக்கும் எந்த இடத்திலும் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். தபாலில் அனுப்பினால் பதிவுத் தபால். சரி, இடங்களுக்கு வருவோம்.

கிராம சபையைச் சங்கங்கள் போதிய அளவு பயன்படுத்துவதில்லை என்பது என் வருத்தம். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூட வேண்டும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நம் தினமான மே தினமும் அதில் ஒன்று, உலகத் தண்ணீர் தினமும் ஒன்று. ஆலை இருக்கும் ஊராட்சியில் வாக்காளராக உள்ள உறுப்பினர்கள், காலையில் கொடியேற்றிவிட்டு நேரே கிராம சபைக்குப் போகலாம். அங்கே நீங்கள் ஊர்க்காரராகப் பேசுகிறீர்கள். ஏரி பற்றிய தீர்மானத்தைப் பதிவேட்டில் எழுதச் சொல்லி, எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகு கையெழுத்துப் போடுங்கள். கீழே வெற்றிடம் விட்ட பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டாம்.

கலெக்டர் அலுவலகத்தில் திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள். நான்கைந்து பேர் போனால் போதும். ஒரு பக்க மனு, பின்னால் கிளைத் தீர்மானத்தின் நகல், நோட்டுப் பக்கங்களின் நகல், கிராம சபைத் தீர்மானம். இதே கட்டை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கும், தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கும் கொடுங்கள்.

புதிய ஆலை அல்லது விரிவாக்கம் வந்தால் பொது விசாரணை நடக்கலாம். 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, குறைந்தது 30 நாள் முன்னதாக நாளிதழில் அறிவிப்பு வர வேண்டும். திட்டத்தின் சுருக்கம் தமிழிலும் கிடைக்க வேண்டும். அதைக் கேட்டு வாங்கி, "எத்தனை வேலை, நிரந்தரமா ஒப்பந்தமா, எந்த ரசாயனம், விபத்து என்றால் யார் பொறுப்பு" என்று பாருங்கள். நேரில் வர முடியாதவர் எழுத்தில் அனுப்பலாம். விசாரணையில் ஐந்து பேர் ஒரே விஷயத்தைப் பேசுவதைவிட, ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக்கொண்டு பேசுவது நல்லது.

சட்டமன்ற உறுப்பினரைத் தொழிலாளர் நலத்துறை மானியக் கோரிக்கை விவாதத்துக்கு, அதாவது அந்தத் துறைக்கான நிதி ஒதுக்கீடு பற்றிய விவாதத்துக்கு, முன்னால் பாருங்கள். அந்தச் சமயத்தில் அவருக்கும் பேசுவதற்கு விஷயம் தேவைப்படும். அரைப் பக்கக் குறிப்பாகக் கொடுங்கள். பத்துப் பக்கம் கொடுத்தால் அது அவருடைய உதவியாளரின் மேசையிலேயே நின்றுவிடும். சட்டமன்றத்தின் மனுக்கள் குழுவுக்கும் எழுதலாம். பொருளாதாரக் கோரிக்கைகளுக்கு, மத்திய பட்ஜெட்டுக்கு முன்பு நிதியமைச்சர் மத்தியச் சங்கங்களை, அதாவது நாடு தழுவிய தொழிற்சங்கங்களை, அழைத்துப் பேசும் வழக்கம் இருக்கிறது. உங்கள் கிளை நேரே போக முடியாது, ஆனால் சம்மேளனத்துக்கு (பல சங்கங்கள் சேர்ந்த கூட்டமைப்புக்கு) அக்டோபருக்குள் எழுதி அனுப்பினால் அவர்கள் மனுவில் சேர வாய்ப்பு உண்டு.

6. கட்சியும் காசும்

நம் நாட்டில் பெரும்பாலான மத்தியச் சங்கங்களுக்கு ஏதோ ஒரு கட்சியோடு உறவு இருக்கிறது. புதியவர்களுக்கு இது தயக்கம் தரும். உறவை மறைக்க வேண்டியதில்லை. கோரிக்கை முதலில், கட்சி அப்புறம் என்ற வரிசை மாறாமல் பார்த்துக்கொண்டால் போதும். 2023இல் தொமுச தன் கட்சியின் அரசு கொண்டுவந்த மசோதாவையே எதிர்த்தது அந்த வரிசைக்கு உதாரணம். ஒரே ஆலையில் மூன்று சங்கம் இருந்தால் மூன்றின் கொடியும் வரட்டும், நோட்டீஸ் மட்டும் ஒன்றாக இருக்கட்டும்.

பணத்தில் சுத்தமாக இருங்கள். அரசியல் காரியங்களுக்கான செலவைச் சங்கத்தின் பொது நிதியிலிருந்து எடுக்கக்கூடாது. அதற்குத் தனி நிதி வைத்துக்கொள்ளலாம் என்பது 1926 தொழிற்சங்கச் சட்டம் தொடங்கி வைத்த விதி. புதிய தொகுப்பிலும் அது தொடர்கிறது. அந்த நிதிக்குக் காசு கொடு என்று எந்த உறுப்பினரையும் கட்டாயப்படுத்த முடியாது. கொடுக்காதவரை ஒதுக்கவும் முடியாது. தனி ரசீதுப் புத்தகம், தனிக் கணக்கு. பொருளாளர் மாதாமாதம் கணக்கைப் படிக்கட்டும்.

7. படிப்படியாக அழுத்தம்

எடுத்த எடுப்பில் வேலைநிறுத்தம் பேசாதீர்கள். கோரிக்கை அட்டை அணிந்து வேலை பார்ப்பது, மதிய உணவைப் புறக்கணிப்பது, வாயிற்கூட்டம், ஊர் மக்களோடு சேர்ந்து தாலுகா அலுவலகம் முன்பு ஆர்ப்பாட்டம். ஒவ்வொன்றிலும் ஆள் கூடுகிறதா என்று பாருங்கள். கூடவில்லை என்றால் அடுத்த படிக்குப் போகாமல் திரும்ப நோட்டையும் நோட்டீசையும் கையில் எடுங்கள். ஆர்ப்பாட்டத்துக்குக் காவல் நிலையத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

புதிய சட்டத் தொகுப்பின்படி வேலைநிறுத்தத்துக்கு எல்லாத் தொழில்களிலும் 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும். அரசின் கொள்கையை எதிர்த்து ஒரு கிளை தனியாக வேலையை நிறுத்தினால் சம்பளமும் போகும், சட்டப் பாதுகாப்பும் பலவீனம். அப்படிப்பட்ட போராட்டத்தைச் சம்மேளன அளவில் எல்லோரோடும் சேர்ந்துதான் நடத்த வேண்டும். 2025 ஜூலை 9 பொது வேலைநிறுத்தத்தைப் பத்து மத்தியச் சங்கங்கள் சேர்ந்து அறிவித்தது போல.

8. ஜெயித்த பிறகு

உத்தரவு வந்தவுடன் பட்டாசு வெடித்துவிட்டுக் கலைந்துபோகும் கிளைகளை நிறையப் பார்க்கிறோம். அரசாணையின் நகலை வாங்கி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். வெளிமாநிலத் தோழர்களுக்கு அவர்கள் மொழியில் வாசித்துக் காட்டுங்கள். யார் அமல்படுத்த வேண்டும், எந்தத் தேதிக்குள், மீறினால் யாரிடம் புகார் என்று மூன்று வரியில் எழுதி எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்.

நோட்டுப் போட்டவர்களுக்கு இப்போதும் வேலை இருக்கிறது. இருக்கைச் சட்டம் வந்த பிறகும் ஸ்டூலைக் கவுன்ட்டருக்குப் பின்னால் அடுக்கி வைத்துவிட்டு உட்கார விடாத கடை இருந்தால், ஸ்டூல் இருக்கிறதா என்பது மட்டும் நோட்டுக்குப் போதாது. காலை 10 மணிக்கு யார் உட்கார்ந்தார், எத்தனை நிமிடம், எழுந்திரு என்று யார் சொன்னார் என்று எழுதுங்கள். இரண்டு வாரக் குறிப்போடு தொழிலாளர் உதவி ஆய்வாளரிடம் போங்கள், திடீர் ஆய்வு கேளுங்கள், ஒப்புகைச் சீட்டை வாங்கி நோட்டிலேயே ஒட்டி வையுங்கள்.